கார்ப்பரேட்டர்மேல் போட்ட பழி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவுடன் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அட்டையில் உள்ள அக்காவின் படத்தைப் பார்த்து, கொஞ்சம் சதை போட்டிருந்தபோது எடுத்ததுபோல என்பீர்கள். பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், நன்றி சொல்லியிருக்கும் இடத்தில் உங்கள் பெயர் வந்திருக்கிறதா, வந்திருந்தால் உங்கள் சம்பந்தியின் பெயருக்கு முன்னால் வந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். நம் குடும்பத்தில் இதுவரை வந்த மலர்களை நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன். எல்லா மலரிலும் இறந்தவர் ஒரே ஆள்போலத்தான் இருப்பார்: இரக்க குணம் கொண்டவர், கடும் உழைப்பாளி, யார் மனதையும் நோகடிக்காதவர். என் அக்கா பலர் மனதை நோகடித்தவர். நோகடிக்க வேண்டிய மனங்களாகத்தான் அவையும் இருந்தன.

அக்கா பிறந்தது ஏரலில். அப்பாவுக்கு அங்கே கடைத்தெருவில் பாத்திரக் கடை. எங்கள் இருவருக்கும் ஆறு வயது வித்தியாசம். சாயர்புரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ரத்தப் பரிசோதனைக்கான படிப்பில் சேரப்போகிறேன் என்று அக்கா சொன்னபோது வீட்டில் பெரிய கலவரம். அம்மாவுடன் பிறந்த மாமா, அடுத்தவன் மூத்திரத்தைக் குப்பியில் பிடிப்பதற்கா பொம்பளைப் பிள்ளையைப் படிக்க வைத்தோம் என்று கேட்டார். மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் உண்டு. இருபது வருடமாக அவருடைய குப்பிகளைப் பிடித்துக்கொண்டு போனது அக்காதான். இதை மாமா படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அத்தான் தோணியில் இன்ஜின் டிரைவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகிற தோணி. கரையில் இருக்கிற நாட்களில் ஓட்டுவதற்கென்று நூறு சிசி பைக் ஒன்று வாங்கினார். அக்காவைப் பின்னால் உட்காரவைத்து ஏரலுக்கு வருவார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நீங்கள் பேசியதையெல்லாம் இங்கே எழுதினால் மலர் தடித்துப் போகும். மஞ்சள் காமாலை முற்றி அத்தான் இறந்தபோது அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமா பைக்கைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, இதை யாருக்காவது தள்ளிவிட வேண்டும் என்றார். அக்கா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். இரண்டு தடவை விழுந்தார். இரண்டாவது தடவை விழுந்ததைப் பார்த்தவர் நம் உறவினர் ஒருவர். தூக்கிவிட வரவில்லை, ஆனால் அன்று மாலைக்குள் ஏரல் வரைக்கும் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.

பைக் அக்காவுக்கு வேடிக்கைக்கு அல்ல. அவர் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கு வெளியூர்களில் ரத்தம் எடுத்து வர ஆள் தேவைப்பட்டது. தருவைகுளம், வேப்பலோடை, அதைத் தாண்டி விளாத்திகுளம் போகிற பாதையில் உள்ள ஊர்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும், நடமாட முடியாத வயசாளிகளும் டவுனுக்கு வந்து காத்திருக்க முடியாது. அக்கா விடிந்ததும் ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு புறப்படுவார். அவர்கள் வெறும் வயிற்றோடு வீட்டுவாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தத்தை எடுத்து வெயில் ஏறுமுன் கூடத்தில் சேர்த்தாக வேண்டும். தாமதமானால் ரத்தம் கெட்டுப்போகும், மறுபடி குத்த வேண்டும். ஏழு வருடம் அந்த வேலை ஒழுங்காக நடந்தது.

அப்புறம்தான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

காலையில் ஒரே உதையில் கிளம்பும். டவுனைத் தாண்டி உப்பளத்துக்கு நடுவே ஒன்பது, பத்து கிலோமீட்டர் போனதும் இழுவை குறையும், இரண்டு தரம் இருமும், நின்றுவிடும். அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இரண்டு பக்கமும் பாத்தி, வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து, மூடி, நாலு உதை உதைத்தால் கிளம்பும். மறுபடி பத்து கிலோமீட்டரில் நிற்கும்.

அதிலிருந்து ஆறு மாதம், இந்த ஊரில் எத்தனை கார்ப்பரேட்டர் நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டேன். பல்லுக்குக் கூடத் தனியாக ஒரு டாக்டர் உண்டு. கார்ப்பரேட்டருக்கு மட்டும் வேட்டி கட்டியவன் எல்லாம் டாக்டர். டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் போதும், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் எழுந்து வருவார். ஓரத்தில் உள்ள காற்றுத் திருகை அரை சுற்று திருகுவார். ஆக்சிலேட்டரை முறுக்கி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு, இப்போது போய்ப் பாருங்கள் என்பார். அடுத்த நாள் இன்னொருவர் அதே திருகை அரை சுற்று திருப்பி வைப்பார். அக்கா அவர்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார்.

"திருகு இருந்தா திருகணும்னு எவன்ல சொன்னான்? ரத்தம் எடுத்துப் பாக்காம எவனாவது மருந்து எழுதுவானா? இவனுவ எல்லாரும் எழுதுதானுவ."

நான் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவன். கீழே நிற்கிறவர்கள் எல்லாம் சின்னதாகத் தெரிகிற உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துப் பழகியவன். எனக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது: வண்டி கிழமாகிவிட்டது, விற்க வேண்டும். மாமாவும் அதையே சொன்னார். சாகும்வரை எங்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போன விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள மெக்கானிக் ஒருவர் கார்ப்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஜெட் என்கிற சின்னக் குழலை வாயில் வைத்து ஊதி மாட்டினார். தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பறக்குது என்றார். தெருமுனை வரைக்கும் அது எப்போதுமே பறக்கத்தான் செய்தது. மறுநாள் உப்பளத்தில் நின்றது. அவரே பிறகு கார்ப்பரேட்டரை முழுசாக மாற்றச் சொன்னார். மாற்றினோம். புதுக் கார்ப்பரேட்டரும் அதே உப்பளத்தில் அதே இடத்தில் நின்றது. அதற்கு அவர் சொன்ன விளக்கம், சில வண்டிகளுக்குப் புது கார்ப்பரேட்டர் ஒத்துக்கொள்ளாது என்பது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசுகிறாரோ என்று நினைத்தேன்.

முத்தையாபுரத்தில் கடை வைத்திருந்த செல்லத்துரை மட்டும் வேறு மாதிரி. அத்தான் காலத்திலிருந்தே வண்டியைப் பார்த்தவர். அவர் பிளக்கைப் பார்த்தார், கார்ப்பரேட்டரைத் திறந்து மிதவையும் ஊசியும் சரியாக இருக்கின்றன என்று காட்டினார். தனக்குக் காரணம் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தெரியாது என்று சொன்ன மெக்கானிக்கை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆகவே எங்களுக்கு அவர்மேல் மரியாதை குறைந்தது.

அந்த மாதத்தில்தான் பேச்சியம்மாள் விழுந்தார். வேப்பலோடையில் உப்பு வாருகிற அம்மாள், சர்க்கரை வியாதிக்காரர். அக்கா வந்துவிடுவார் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வாசலில் காத்திருந்திருக்கிறார். அக்கா பத்தாவது கிலோமீட்டரில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சேரும்போது அந்த அம்மாள் படியில் மயங்கிக் கிடந்தார், நெற்றி பிளந்து ரத்தம். அக்கா சர்க்கரைத் தண்ணீர் புகட்டி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஐந்து தையல். கூடத்து முதலாளி, இனிமேல் வெளியூர் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"தப்பு எங்கன இருக்குன்னு தெரியாம இனி ஒருத்தர் கையிலயும் வண்டியக் குடுக்க மாட்டேன்" என்றார்.

ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். எத்தனை கிலோமீட்டரில் நின்றது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், நல்ல வெயிலா மேகமா, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது. இரண்டு வாரம் எழுதியதில் ஒரு விஷயம் தெரிந்தது. டேங்க் நிறையப் பெட்ரோல் போட்ட நாளில் வண்டி சீக்கிரம் நின்றது. பாதிக்குக் கீழே இருந்த நாளில் அதிக தூரம் ஓடியது. இதைக் கேட்டு நான் சிரித்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டால் வண்டிக்கும் தூக்கம் வருகிறதுபோல என்று சொன்னேன். அக்கா நோட்டை மூடிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பின்னாலேயே ஸ்கூட்டரில் வா என்று என்னைக் கூப்பிட்டார். முதல் நாளே டேங்கை நிரப்பி வைத்திருந்தார். ஏழாவது கிலோமீட்டரில் பைக் இருமி நின்றது. நான் வழக்கம்போல மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன்.

"தொடாத" என்றார்.

ரத்தம் பிடிக்கிற சின்னக் குப்பி ஒன்றைக் கார்ப்பரேட்டருக்கு அடியில் பிடித்துக்கொண்டு, கீழே உள்ள வடிதிருகைத் தளர்த்தினார். கார்ப்பரேட்டரின் கிண்ணம் நிறைய இருக்க வேண்டிய பெட்ரோல் நாலைந்து சொட்டுதான் விழுந்தது. குப்பியை என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"பட்டினி கெடக்குலே இது. இதப் போயி ஆறு மாசமா எல்லாரும் குத்தம் சொல்லுதிய."

அப்புறம் டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கார்ப்பரேட்டரிலிருந்து உருவினார். பெட்ரோல் குழாய்வழியே கொட்ட வேண்டும். துளித்துளியாக வந்தது, பிறகு அதுவும் நின்றது. டேங்கிலோ கழுத்துவரை பெட்ரோல். குழாயைக் கையில் பிடித்தபடியே, இப்போது மூடியைத் திற என்றார். நான் சாவியைப் போட்டுத் திருப்பினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. அதே நொடியில் அக்காவின் கைமேல் பெட்ரோல் குபுகுபுவென்று கொட்டியது.

ஆறு மாதமாக ஊரே மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தது. திறந்ததும் காற்று உள்ளே போனது, வண்டி கிளம்பியது. ஒவ்வொருவரும் தான் திருகியதால் கிளம்பியது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட மூடியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றே கொஞ்சம்தான், சீக்கிரம் நின்றுவிடும்.

அக்கா மூடியை வாங்கிக் கவிழ்த்தார். உள்பக்கம் வட்டமாக ஒரு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் ஊறி உப்பித் துளையை முழுசாக அடைத்திருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார். அழுக்கு ஏறிக் கறுப்பாக இருந்ததை, ஊசி போடுமுன் கையைத் துடைக்கிற பஞ்சால் துடைத்தார். பச்சை நிறம் தெரிந்தது, அதில் வரிவரியாகப் புடைத்த கோடுகள்.

அது வெந்நீர்ப் பை ரப்பர். அம்மாவின் முழங்கால் வலிக்கு அக்கா வாங்கிக் கொடுத்த பை. ஓட்டை விழுந்த பிறகு அது என் வீட்டில் கிடந்தது. முந்தின மழைக்காலத்தில் வண்டியின் டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அக்கா சொன்னபோது, இதற்கு நான் வழி பண்ணுகிறேன் என்று அதை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்தவன் நான். அக்கா வீட்டில் இல்லாத நேரத்தில் வைத்தேன். இனிமேல் ஒரு சொட்டு இறங்காது என்று பெருமைப்பட்டேன், மறந்தும்போனேன். ரப்பர் உப்பி அடைக்கச் சில வாரங்கள் ஆனதால் இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை.

டீக்கடைக்காரர்களைப் பற்றியும் பஸ் ஸ்டாண்டு மெக்கானிக்கைப் பற்றியும் மேலே எழுதியிருக்கிறேன். அவர்கள் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பேசினார்கள், அவ்வளவுதான். வண்டியைக் கெடுத்தவனும், பேச்சியம்மாள் நெற்றியில் ஐந்து தையல் போட வைத்தவனும், வண்டியை விற்றுவிடு என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவனும் ஒருவன்தான்.

அக்கா அந்த ரப்பரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"செல்லத்துரை வேலையாத்தான் இருக்கும்" என்று சொன்னேன்.

"அப்படியா?" என்றார். நான் கையை நீட்டினேன், ரப்பரைக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே மாமாவும் நானும் முத்தையாபுரம் கடைக்குப் போனோம். அங்கே நாலைந்து பேர் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மாமா பேசியதை எழுத முடியாது. நான் பேசியது அதைவிட மோசம். தொழில் தெரியாதவன், ஒரு பொம்பளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டவன், அந்த அம்மாள் செத்திருந்தால் உன்னைத்தான் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள் என்றேன். செல்லத்துரை ரப்பரை வாங்கிப் பார்த்தார்.

"நான் வைக்கல, அண்ணாச்சி" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன். எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது.

அக்கா வேலையைத் தக்கவைத்துக்கொண்டார். வண்டி அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அதே பாதையில் ஓடியது, உப்பளத்தில் ஒருநாளும் நிற்கவில்லை. அதைச் செல்லத்துரை கடையில்தான் அக்கா தொடர்ந்து சர்வீசுக்கு விட்டார். கொஞ்ச நாள் கழித்து நானும் வெட்கமில்லாமல் என் ஸ்கூட்டரை அங்கேயே விட்டேன். அவர் சாதாரணமாகவே பேசுவார். மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் சுலபம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்காவுக்கு அசதி வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்லாமல் தன் கையில் தானே ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் தானே பார்த்திருக்கிறார். அன்று மதியம் எனக்குப் போன் செய்தார்.

"ஏலே, என் ரத்தத்த நானே பாத்தேன். வெள்ளை அணு நல்லா இல்ல. நாளைக்கு லீவு போட்டுட்டு வா, டாக்டர்ட்ட போவோம். பயப்படாத."

பயப்படாதே என்று எனக்குச் சொன்னார்.

எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்தோம். நீங்களும் வந்தீர்கள். வந்தவர்களில் பலர் கையில் ஒரு வைத்தியத்தோடு வந்தீர்கள்: பப்பாளி இலைச்சாறு, கழுதைப்பால், கேரளாவில் ஒரு ஆள். எந்தப் பரிசோதனையையும் பார்க்காமல் நீங்கள் எழுதிக் கொடுத்த மருந்துகளை அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். ஆஸ்பத்திரி நாற்றம் தமக்கு ஒத்துக்கொள்ளாது என்று வராமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. அவர்களால் கட்டிலருகே நிற்கக் கொஞ்சம் இடம் கிடைத்தது. பேச்சியம்மாள் இரண்டு பஸ் மாறி வாராவாரம் வந்தார். ஒரு வைத்தியமும் சொல்லவில்லை. அக்காவின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன ஆடி மாதம் ஒரு காலை வேளையில் அக்கா எங்களை விட்டுப் போனார்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். ரத்தம் கொடுத்தவர்களுக்கும், பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், வேப்பலோடையிலிருந்தும் தருவைகுளத்திலிருந்தும் அன்றைக் கூலியை விட்டுவிட்டுக் காரியத்துக்கு வந்த உப்பளத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வந்து சாப்பிட்டுவிட்டு, பாயசத்தில் இனிப்பு குறைவு என்று சொன்னவர்களுக்கும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தக் கட்டுரையை மேலே உள்ள பத்தி வரைக்கும் எழுதி எடுத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை முத்தையாபுரத்துக்குப் போனேன். செல்லத்துரை கையைத் துடைத்துவிட்டு, நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். படித்து முடித்துத் தாள்களை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு அப்பமே தெரியும், அண்ணாச்சி. நீங்க ரெண்டு பேரும் சத்தம் போட்டுட்டுப் போன மறுநாளே அக்கா வந்தாவ. என் தம்பி வச்சதுதான், மன்னிச்சுக்கிடுங்கன்னு சொன்னாவ."

பிறகு ஏன் இத்தனை வருடம் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேக்காதீய, அவன் தானா வந்து சொல்லுவான்னு சொல்லிட்டுப் போனாவ. வண்டி விட வரும்போதெல்லாம் என்கிட்ட கேப்பாவ, வந்தானா, சொன்னானான்னு. போன வருசம் ஆஸ்பத்திரில பாக்கப் போனேன்லா, அப்பவும் கேட்டாவ."

அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வந்து சொல்லிட்டாருன்னு சொல்லிட்டேன்" என்றார் செல்லத்துரை அண்ணாச்சி.